அது ஃபாண்ட் இல்லை ப்ரோ

மூன்று நாளாக ஓடுகிற பஞ்சாயத்து இங்கே எல்லோருக்கும் தெரியும்: ஒரு சின்னப் படத்தின் போஸ்டருக்குக் கையால் வரைந்த டைட்டில் எழுத்தை ஒரு சேனல் சுட்டு, வரைந்தவர் பெயரே போடாமல் தன் டைட்டிலாகப் போட்டுக்கொண்டது. எந்தச் சேனல், யாருடைய டைட்டில் என்று மறுபடி எழுதி அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வியூஸ் ஏற்றிவிட விருப்பமில்லை. சுட்டதைக்கூட விட்டுவிடலாம், இந்தத் தொழிலில் அது பழகிப்போன ஒன்று. பொறுக்க முடியாமல் போனது அந்த அட்மின் கீழே போட்ட ஒரு வரிதான்: "ஒரு ஃபாண்ட்டுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ சீன்?" அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இருங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அது ஃபாண்ட் இல்லை.

ஃபாண்ட் என்றால் கம்ப்யூட்டர் எழுத்துரு, தட்டினால் வரும். ஒரே 'க' பத்து இடத்தில் வந்தால் பத்தும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். அந்த டைட்டிலைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு 'க' இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. முதல் 'க'வின் வால் குறுகி நிற்கிறது, பக்கத்தில் 'ழு' இறங்கி வளைய இடம் வேண்டும் என்பதால். இரண்டாவது 'க' சொல்லின் கடைசியில் வருவதால் அதன் வால் சாவகாசமாக நீண்டு போகிறது. எந்த ஃபாண்ட்டில் இப்படித் தட்டினீர்கள்? பெயர் சொல்லுங்கள், நாங்களும் டவுன்லோடு செய்துகொள்கிறோம்.

தமிழில் ஒரு டைட்டில் எழுதுவது என்ன வேலை என்று தெரியாதவர்கள் ஒரு நிமிடம் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேபிடல் எழுத்தாக அடுக்கிவிட்டால் எல்லாம் ஒரே உயரம், செங்கல் மாதிரி உட்கார்ந்துவிடும். தமிழில் அந்த வசதி கிடையாது. 'கி'யின் மேல்விலங்கு தலைக்கு மேல் ஏறும். 'ழு', 'ரு', 'கூ' எல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கும். 'கொ' என்று ஒரே ஓரெழுத்துக்கு ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என மூன்று எழுத்தின் அகலம் போய்விடும். டைட்டிலை இரண்டு வரியாக அடுக்கினால் மேல்வரி 'ழு' இறங்குகிற அதே இடத்தில் கீழ்வரி 'தி' ஏறி முட்டும். வரி இடைவெளியைக் கூட்டினால் டைட்டில் இரண்டாகப் பிளந்து தெரியும், எழுத்தைச் சின்னதாக்கினால் சின்ன அளவு பிட் போஸ்டரில் காணாமல் போகும். ஆக, ஒன்றின் வால் இன்னொன்றின் இடுக்கில் போய் உட்காரும்படி ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைய வேண்டும். முதலில் பென்சிலில் இருபது முப்பது சின்னச் சின்ன ஸ்கெட்ச். அதில் தேறுகிற இரண்டு மூன்றைப் பெரிதாகப் போட்டு, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கோடு வரைகிற பென் டூலில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுக்க வேண்டும். வளைவின் உச்சியில் மட்டும் புள்ளி வைத்தால் வளைவு வழவழப்பாக வரும். கண்ட இடத்தில் வைத்தால் ஃப்ளெக்ஸில் இருபதடிக்குப் பெரிதாக்கும்போது முழங்கை மாதிரி துருத்தும்.

மெய்யெழுத்தின் புள்ளி என்கிற ஒன்று இருக்கிறது. போஸ்டரில் அழகாகத் தெரியும். அதே டைட்டில் 1280-க்கு 720 பிக்சல் தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில் போய், அதுவும் ஃபோனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும்போது முதலில் செத்துப்போவது அந்தப் புள்ளிதான். புள்ளி போனால் 'க்' என்பது 'க', சொல்லே மாறிவிடும். அதனால் புள்ளியைக் கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாக வைப்பார்கள், எழுத்தின் தலையிலிருந்து அது ஒட்டாத அளவுக்குத் தள்ளி வைப்பார்கள். ரொம்பத் தள்ளினால் மேலே பறக்கிற கொசு மாதிரி தெரியும். இதையெல்லாம் கண்தான் சொல்லும், ஸ்கேல் சொல்லாது.

சரி, சுட்டதுதான் என்று எப்படித் தெரியும், தற்செயலாக ஒன்றுபோல வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில் மூணு சுழி 'ண', ரெண்டு சுழி 'ன' என்று படித்தோம் இல்லையா? போஸ்டரிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தைத் தானாகவே கோட்டு வடிவமாக்குகிற இமேஜ் டிரேஸில் போட்டால் சாஃப்ட்வேர் கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்றுதான் பார்க்கும். சின்ன ஓட்டை அதற்குத் தூசி. அப்படித்தான் சேனலின் டைட்டிலில் மூணு சுழி 'ண'வில் ஒரு சுழி அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கூர்மையாக முடிய வேண்டிய முனையெல்லாம் மழுங்கியிருக்கிறது. ஒரிஜினலில் 'ர'வின் காலில் படத்தின் ஸ்டில்லிலிருந்து ஒரு நிழல் விழும், அந்த நிழலும் எழுத்தோடு சேர்ந்து டிரேஸ் ஆகி, இவர்கள் 'ர'வுக்குக் கட்டைவிரல் முளைத்திருக்கிறது. தற்செயலாகக் கட்டைவிரல் முளைக்காது.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். பேனர் ஆர்ட்டிஸ்ட். ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுகிற தலைமுறை. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய், ஷட்டரிலும் வண்டியிலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மளிகைக் கடைக்கு அவர் எழுதிய பெயரை ஃப்ளெக்ஸ் கடைப் பையன் ஃபோனில் படம் எடுத்து, கோரல் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் டிரேஸ் செய்து, எழுத்தை மாற்றிப் போட்டு அதே தெருவில் இன்னும் மூன்று கடைக்கு அடித்துக் கொடுத்துவிட்டான். எல்லோரும் பெரியவர் சண்டைக்குப் போவார் என்று பார்த்தால், போர்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ரானாவுக்கு மட்டும் கால வெட்டிப்புட்டான்" என்றார். ரானா என்றால் 'ர' எழுத்து. அவருக்கு வருத்தம் அந்தக் காலைப் பற்றித்தான். எனக்கு அந்த அளவுக்குப் பெரிய மனசு கிடையாது.

இப்போது வழக்கமான கேள்விகளுக்கு வருகிறேன்.

"சின்னப் படம், யாருக்குமே தெரியாது, சேனலால்தான் நாலு பேருக்குத் தெரிஞ்சுது." பெயரே போடாமல் எப்படி ஐயா தெரியும்? இதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

"டைட்டிலுக்கு எல்லாம் காப்பிரைட் கிடையாதே, கோர்ட்டே சொல்லிடுச்சே." பாதி தெரிந்துகொண்டு பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தலைப்பில் உள்ள சொற்களைப் பற்றி. வெறும் தலைப்புச் சொல்லுக்குப் பதிப்புரிமை கிடையாது, சரி. அந்தச் சொல்லை ஒருத்தர் வரைந்த ஓவியம் வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடமும் கலைப்படைப்பு, அதற்குக் கலைத்தரம் இருக்கிறதா என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றுதான் அர்த்தம். எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்த பிறகும் 'இதை வரைந்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி வரைந்தவரிடமே இருக்கும். அப்புறம் ஏன் கேஸ் போடவில்லை என்பீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கிற காசு டைட்டிலுக்கு வாங்கிய காசைவிட அதிகம், அதனால்தான்.

"நீங்க மட்டும் என்ன, பின்டரெஸ்ட்டைப் பார்த்துத்தானே வரையறீங்க?" அந்தப் படத் தொகுப்புத் தளத்தைப் பார்க்கிறோம். ஒளிக்க ஒன்றுமில்லை. டைரக்டரே பத்து ரெபரன்ஸ் அனுப்பிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார், "இதே மாதிரி, ஆனா வேற மாதிரி" என்பார். எங்கள் ஆட்களும் எல்லை தாண்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் போஸ்டரில் தலையை மட்டும் மாற்றி ஃபர்ஸ்ட் லுக் விட்டு மாட்டிக்கொண்ட கதைகள் உங்களுக்கே தெரியும். ஹாலிவுட்டிலும் நடந்திருக்கிறது. போஸ்டர் டிசைனர் சால் பாஸ் 1959-ல் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிய உடல் உருவம் ஒன்றை வரைந்தார். 1995-ல் ஸ்பைக் லீயின் 'கிளாக்கர்ஸ்' போஸ்டர் கிட்டத்தட்ட அதே மாதிரி வந்தது. அது ஹாமேஜ், அதாவது மரியாதை செலுத்துவது, என்று சொல்லப்பட்டது. அப்போது உயிரோடிருந்த பாஸ் அதை ரசிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிற மரியாதையை எந்தக் கணக்கில் எழுதுவது? பார்த்துக் கற்றுக்கொள்வதும் டிரேஸ் பட்டனை அமுக்குவதும் ஒன்றா? இந்த ஒரு கேள்வியில் மட்டும் எங்கள் கையும் சுத்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நீங்கள் கேட்காதீர்கள். 'ர'வின் கட்டைவிரலைக்கூட வெட்டாமல் அப்லோடு செய்தவர்கள் கேட்கக் கூடாது.

எழுத எழுத இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. எழுத்தை யாரும் பார்ப்பதே இல்லை. படம் 1950-களில் நடக்கிற கதையாக இருக்கும், சட்டைக் காலர் முதல் சைக்கிள் பெல் வரை தேடித்தேடி வைத்திருப்பார்கள். பின்னால் கடைப்பலகையில் 'விலை' என்று இன்றைய 'லை'யோடு, கம்ப்யூட்டர் ஃபாண்ட்டில் இருக்கும். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல். பெரியார் 1935-லேயே 'குடி அரசி'ல் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார்தான், ஆனால் ஊர்ப் பலகைகளில் அதற்குப் பிறகும் பல காலம் 'ல'வுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய 'லை'தான். சாதாரணமாகக் கிடைக்கிற ஃபாண்ட்களில் அந்தத் தும்பிக்கை இருக்காது, கையால் வரைய வேண்டும். ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் அதற்கு ஆள் போடச் சொன்னால், "பின்னாடி அவுட் ஆஃப் ஃபோகஸ்ல இருக்குங்க, யாரு பாக்கப் போறா" என்பார்கள். போஸ்டருக்கு 'பப்ளிசிட்டி டிசைன்ஸ்' என்று டைட்டில் கார்டில் ஒரு வரியாவது வரும். உள்ளே எழுத்து வரைந்தவனுக்கு அதுவும் கிடையாது.

அப்படியே அது ஃபாண்ட்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஃபாண்ட் என்ன மரத்தில் காய்க்கிறதா? 247 எழுத்தையும் ஒன்றோடொன்று சேருகிற விதத்தையும் ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார், பவனம் என்ற இரண்டு தமிழ் ஃபாண்ட்களும் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் சும்மாவே கிடைக்கின்றன. தம்ப்நெயில், பேனர், டி-ஷர்ட் எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஃபாண்ட் ஃபைலை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பத்து நிமிட வேலை. யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்று காலை சேனலில் டைட்டிலை மாற்றிவிட்டார்கள். மன்னிப்பு, பெயர், ஒன்றும் கிடையாது, சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள். இந்த முறை சத்தியமாக ஃபாண்ட்தான். பழைய போட்டோஷாப்பில் அப்படியே யூனிகோட் தமிழைப் பேஸ்ட் செய்திருக்கிறார்கள் போல, 'கொ'வின் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்குகிறது. அட்மின் தம்பி, பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து 'வேர்ல்ட்-ரெடி' என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு தானாகவே முன்னால் வந்துவிடும்.