தோற்ற அணிக்கும் மாலைவரை ஆட்டம் வேண்டும்

ஒரு கல்லூரி வினாடிவினா அணி நல்ல அணியா என்று தெரிய வேண்டுமா? எத்தனை கோப்பை வாங்கியது என்று கேட்காதீர்கள். சீசன் தொடங்கும் அக்டோபரில் தோற்றபோது ஒரு போனஸ் கேள்விக்குச் சராசரியாக எத்தனை மதிப்பெண் எடுத்தது, சீசன் முடியும் ஏப்ரலில் தோற்றபோது எத்தனை என்று கேளுங்கள்.

ஆராய்ச்சிப் படிப்புக்காக அமெரிக்காவில் இருந்தபோது எங்கள் பல்கலைக்கழகத்தின் க்விஸ் பவுல் அணியில், அதாவது அங்கத்திய கல்லூரி வினாடிவினா அணியில், ஒரு சீசன் முழுக்க ஆடினேன். பக்கத்துக்கு நாலு பேர், ஆளுக்கொரு பஸர். முதலில் டாஸ்அப், அதாவது இரண்டு அணிக்கும் பொதுவான கேள்வி. கேள்வியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தலாம். சரியாகச் சொன்னால் 10; குறுக்கிட்டுத் தப்பாகச் சொன்னால் 5 போய்விடும், அதற்கு நெக் என்று பெயர். டாஸ்அப்பை எடுத்த அணிக்கு மட்டும் மூன்று பகுதி உள்ள போனஸ் கேள்வி வரும். கலந்து பேசிச் சொல்லலாம், அதிகபட்சம் 30.

டாஸ்அப் எழுதும் விதம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். கடினமான குறிப்பு முதலில், எல்லாருக்கும் தெரிந்தது கடைசியில். ராமானுஜன் விடை என்றால், மாக் தீட்டா சார்புகளில் ஆரம்பிக்கும். டெலின் நிறுவிக் காட்டிய டௌ சார்பு அனுமானம் அடுத்து வரும். பிறகு, ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்பதற்கு ஹார்டியோடு சேர்ந்து கண்ட சூத்திரம். ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணான 1729 கடைசி வரியில்தான் வரும். டாக்ஸி கதை மட்டும் தெரிந்தவர் அதுவரை காத்திருக்க வேண்டும். கணிதம் படித்தவர் முதல் வரியிலேயே எடுத்துவிடுவார். "இதெல்லாம் மனப்பாடம்தானே" என்று சொல்பவர்களை ஒரே ஒரு சுற்று உட்கார்ந்து கேட்கச் சொல்வேன்.

போனஸில் எதிரணி குறுக்கே வர முடியாது. நீங்களும் கேள்வியும் மட்டும்தான். அதனால் ஒரு போனஸுக்குச் சராசரியாக எத்தனை எடுத்தோம் என்ற கணக்கு அணியின் அறிவை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடும். எதிரே யார் வந்து உட்கார்ந்தார்கள் என்ற அதிர்ஷ்டம் அதில் கிடையாது.

எங்கள் சீசன், க்விஸ் பவுல் போட்டிகளை நடத்தும் ஏ.சி.எஃப். அமைப்பின் ஃபால் போட்டியில் தொடங்கியது. வருடத்தின் எளிய போட்டி அது. சராசரி 14, பாதிக்கு மேல் வெற்றி, எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. அடுத்து அதே அமைப்பின் வின்ட்டர் போட்டி. கேள்விகள் ஒரு படி கடினம், சராசரி 11க்கு இறங்கியது. ஓவியம், இசை, ஓப்பரா என்று எது வந்தாலும் எங்கள் மேசையில் மௌனம். வேன் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. அணியில் வேதியியல் படிக்கும் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். "ஓவியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். டிசம்பர் விடுமுறை முழுக்கப் பழைய கேள்வித்தாள்களை வாசித்தாள், ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஜனவரி இறுதியில் ஏ.சி.எஃப்.பின் மண்டலப் போட்டியான ரீஜனல்ஸ். இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி பற்றிய டாஸ்அப்பை இரண்டாவது வரியிலேயே எடுத்தாள். அந்த அறையில் நாங்கள் போட்ட சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

அன்று எங்கள் சராசரி 12. ஃபாலின் 14ஐவிடக் குறைவு என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். வின்ட்டரைவிடக் கடினமான கேள்விகளில் வின்ட்டரைவிட அதிகம் எடுத்திருக்கிறோம் என்பதுதான் விஷயம். பிப்ரவரியில், போட்டி நடத்தும் இன்னொரு அமைப்பான என்.ஏ.க்யூ.டி.யின் மண்டலப் போட்டியில் நெக்குக்கு மேல் நெக் விழுந்து, ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைக் கைவிட்டோம். போனஸ் சராசரி மட்டும் அன்றும் ஏறியிருந்தது.

இந்தக் கணக்குக்கு மதிப்பு இருப்பதே நம்பிக்கையால்தான். ஒரே கேள்வித்தொகுப்பு பல ஊர்களில், சில சமயம் வெவ்வேறு வாரங்களில்கூட வாசிக்கப்படும். எல்லா இடத்திலும் முடியும்வரை ஆடியவர்கள் அதைப் பற்றி வெளியே பேச மாட்டார்கள். கேள்வி எழுதும் பணியிலும் இருந்த சில வீரர்கள் பார்க்கக் கூடாத பக்கங்களைப் பார்த்திருந்தது தெரியவந்ததும், 2013இல் என்.ஏ.க்யூ.டி. ஹார்வர்டின் நான்கு பட்டங்களை ரத்து செய்தது. அது சரியான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்களை வளர்த்தது இன்னொரு விஷயம். க்விஸ் பவுல் போட்டியில் காலையில் அணிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள்; குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். மதியம் தர வரிசைப்படி புதுக் குழுக்கள் பிரியும். கடைசி இடத்தில் இருக்கும் அணியும் தனக்குச் சமமான அணிகளோடு மாலைவரை ஆடும். ஏப்ரலில் தேசியப் போட்டிக்குப் போய் அடிமட்டக் குழுவில்தான் இருந்தோம். ஆனாலும் இரண்டு நாளும் ஆடினோம், கடைசிச் சுற்றிலும் புதிதாக எதையோ கற்றோம். இந்த ஆட்டத்தின் மூதாதை 'காலேஜ் பவுல்', 1953இல் வானொலியிலும் 1959 முதல் தொலைக்காட்சியிலும் வந்தது. அங்கே தோற்ற அணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை மாற்றியதைத்தான் இன்றைய க்விஸ் பவுலின் பெரிய சாதனை என்பேன்.

நம் ஊரை நினைத்தால் மனசு ஆறவில்லை. திண்டுக்கல்லிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னைக் கல்லூரி விழாவுக்கு வருகிறார்கள் பிள்ளைகள். பிரிலிம்ஸ் தாள் எழுதுகிறார்கள். மேடைக்குப் போவது ஆறு அணியோ எட்டு அணியோதான். மற்றவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். நம் வினாடிவினாவில் கேள்விகள் அருமையானவை. யோசித்து யோசித்து விடைக்கு வந்து சேரும் அந்தச் சுகத்தை அமெரிக்காவில் நான் காணவில்லை. ஆனால் அதிகம் ஆட வேண்டியவர்களைப் பகல் பதினோரு மணிக்கே வெளியே உட்கார வைக்கும் அமைப்பில் புது அணி எப்படி முளைக்கும்? வருடா வருடம் அதே சில கல்லூரிகள்தான் மேடையில் இருக்கின்றன என்று குறைபட்டுக்கொள்கிறோம். வேறு யாருக்கு ஆட வாய்ப்புக் கொடுத்தோம்?

மேடை, ஸ்பான்சர், பெரிய பரிசு எதுவும் தேவையில்லை. நாலு கல்லூரி, இரண்டு வகுப்பறை, ஒரு சனிக்கிழமை. பஸருக்கு மொபைல் செயலி போதும். கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம், இப்படி: தான் ஓய்வு பெறும்போது கல்லூரி வேலையை இவருக்கு வாங்கிக்கொடுத்தவரின் பெயரைத் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வைத்தவர், 1887இல் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றை அச்சேற்றியவர், உத்தமதானபுரத்துக்காரர், தமிழ்த் தாத்தா. முதல் குறிப்பிலேயே அழுத்தும் மாணவர் நம் கல்லூரிகளில் இருக்கிறார், எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வகுப்பறை தரும் ஆசிரியர்கள் சொல்லுங்கள். கேள்வி எழுதுவதும் அன்று வந்து வாசிப்பதும் என் பொறுப்பு.