ஸ்டிக்கரில் இருக்கும் நம்பர்

ஐ7, 4கே, 8 சதவீதம். லேப்டாப், டிவி, பீர் மூன்றையும் விற்பவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்த நம்பர்களைத்தான். வாங்கப் போகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த மூன்றிலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தெரியும். யார் லேப்டாப் வாங்கினாலும் எனக்கு ஒரு போன் வரும், யார் பெங்களூர் வந்தாலும் இரண்டு போன் வரும். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கட்சி இதுதான். பெரிதாகப் போட்டிருக்கும் நம்பர் பொய் இல்லை. ஆனால் நீங்கள் அனுபவிக்கப் போகும் சங்கதிக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. சம்பந்தமுள்ள நம்பர் பொடி எழுத்தில் பின்பக்கம் எங்காவது இருக்கும். அதுவும் போட்டிருந்தால்.

முதலில் லேப்டாப். சென்னையில் ரிச்சி தெரு, இங்கே பெங்களூரில் எஸ்.பி. ரோடு. பழைய லேப்டாப் கேட்டுப் போனால் இரண்டு இடத்திலும் ஒரே வசனம்: "ஐ7 சார், ஹை எண்ட் பீஸ்." எந்த ஐ7 என்று திருப்பிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு தினுசாகப் பார்ப்பார். கேட்டே ஆக வேண்டும். 2016-இல் வந்த ஐ7-7500யு சில்லில் இருப்பது இரண்டே கோர் (கணக்குப் போடும் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள்). அடுத்த வருடம் வந்த ஐ5-8250யு-வில் நான்கு. ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முதலாவதை எடுத்தவர், அதிகக் காசு கொடுத்துப் பாதி கோரோடு வீட்டுக்குப் போகிறார். போதாக்குறைக்கு, அந்த ஐ7 ஏழாம் தலைமுறை; விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் இன்டெல் சில்லுகளை ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது.

எனக்கு இதில் வருத்தமும் உண்டு, சந்தோஷமும் உண்டு. நன்றாக ஓடும் மெஷினை மென்பொருள் காரணம் சொல்லிக் குப்பைக்கு அனுப்புவதில் எந்த நியாயமும் இல்லை. அதே சமயம் அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட் லேப்டாப்கள் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வருவதைப் பார்த்தால் கை அரிக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டால் பிரவுசர், எழுத்து வேலை, படம் பார்ப்பது எல்லாம் ஜம்மென்று நடக்கும். இந்தப் பதிவே அப்படி ஒரு மெஷினில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டியதுதான். ஐபஸ்ஸும் எம்17என் பொதியும் போட்டால் போதும், தமிழ் வந்துவிடும். (அஞ்சல் விசைப்பலகையா தமிழ்99-ஆ என்ற பஞ்சாயத்தை இங்கே கூட்ட வேண்டாம்.)

சரி, கோர் எண்ணிக்கை பார்த்தாயிற்று. அதுவும் இரண்டாம்பட்சம்தான். பழைய மெஷின் இழுப்பதற்கு முக்கியக் காரணம், முக்கால்வாசி நேரம், ஹார்ட் டிஸ்க். சித்தி வீட்டு லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு நாள் திருப்பிப் போட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகும் சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் நுழைத்து நெம்பினால் ஒவ்வொன்றாக 'டக் டக்' என்று விடும். அந்தச் சத்தத்துக்குச் சித்தி அடுப்படியிலிருந்தே ஓடி வந்து, "டேய், உடைச்சுடப் போற. சித்தப்பா வந்து கேட்டா நான் என்னடா சொல்றது?" என்றார். உடையவில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் சுழலும் தட்டே இல்லாத ஒரு சாட்டா எஸ்எஸ்டி. பிராசசர் பழசு, ராம் (மெமரி) பழசு, எதையும் தொடவில்லை. சாயங்காலம் வந்த சித்தப்பா, "புதுசு எப்படா வாங்கின?" என்று கேட்டார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் தட்டின்மேல் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் விநாடிக்கு நூறு தடவை தேடினாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டி அதே விநாடியில் ஆயிரக்கணக்கில் எடுத்துப் போடும். கம்ப்யூட்டர் திறப்பது, பிரவுசர் திறப்பது எல்லாமே இந்தச் சின்ன ஃபைல் தேடல்தான். தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சொல்லும் 5400 ஆர்பிஎம் என்ற நம்பரை எந்தக் கடையிலும் ஸ்டிக்கரில் ஒட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம் கீபோர்டு. நாள் முழுக்க நம் விரல் படுவது அதில்தான், ஆனால் அதற்கு நம்பரே கிடையாது என்பதால் யாரும் கேட்பதும் கிடையாது. 2011-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220-யின் ஏழு வரிசைக் கீபோர்டில் தட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறு வருடமே அதைத் தூக்கிவிட்டார்கள். 2018-இன் டி480-யில் கழற்றி மாட்டும் பேட்டரியும் இரண்டு ராம் ஸ்லாட்டும் இருந்தன. அடுத்து வந்த டி490-யில் கழற்றும் பேட்டரி போயிற்று, ஒரு ராம் போர்டிலேயே சாலிடர் ஆகிவிட்டது. இப்போது பல லேப்டாப்களில் ராம் மொத்தமும் சாலிடர்தான். வாங்கும் அன்றைக்கு எடுத்த முடிவோடுதான் கடைசிவரை குடித்தனம். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில் க்ரூஷியல் என்ற பெயரில் ராம் விற்கும் தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இந்த நிலைமையில் "பின்னாடி ராம் போட்டுக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால், அங்கேயே மூடியைக் கழற்றி ஸ்லாட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

டிவிக்கு வருகிறேன். இதில் சுருக்கமாக முடிக்கிறேன், கோபம் மட்டும் ஜாஸ்தி.

புது டிவி வாங்கிய எந்த வீட்டுக்குப் போனாலும் சினிமா எல்லாம் மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடுவதைப் பார்க்கலாம். சினிமா எடுப்பது விநாடிக்கு 24 ஃபிரேமில். டிவி தன் இஷ்டத்துக்கு நடுவில் இல்லாத ஃபிரேம்களைச் செய்து செருகுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். பெட்டியைப் பிரிக்கும்போதே பெரும்பாலும் ஆன் ஆகித்தான் வரும். 2018 டிசம்பரில் டாம் க்ரூஸே ஒரு வீடியோ போட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கெஞ்ச வேண்டி வந்தது. மாமா வீட்டு 55 இஞ்சில் நான் அணைத்துவிட்டு வந்தேன், பிக்சர் மோடையும் விவிட்டிலிருந்து சினிமாவுக்கு மாற்றினேன். "என்னடா மாப்ள, படம் மங்கிப்போச்சு?" என்றார். அடுத்த முறை போனபோது இரண்டும் பழையபடி இருந்தன. அவர் டிவி, அவர் கண்.

4கே விஷயத்துக்கு வருவோம். திரையில் புள்ளி எத்தனை என்பது ஒரு கணக்கு. அந்தப் புள்ளிகளை நிரப்ப விநாடிக்கு எவ்வளவு டேட்டா வருகிறது என்பது வேறு கணக்கு. 4கே-வுக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) இணைய வேகம். சாதா ப்ளூரே தட்டில் 1080பி என்ற ஃபுல் எச்டி வீடியோவுக்கே 40 எம்பிபிஎஸ் வரை இடம் உண்டு. ராத்திரிக் காட்சிகளில் வானம் கட்டம் கட்டமாகத் தெரிவதும் புகை வரிவரியாகப் பிரிவதும் இந்தப் பஞ்சத்தால்தான். இதில் லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு தண்டனை. பிரவுசரில், படத்தை நகலெடுக்க விடாத வைட்வைன் என்ற பூட்டு எல்3 என்ற கடைசி நிலையில்தான் கிடைக்கும், அதைக் காரணம் காட்டிப் பல தளங்கள் தெளிவைக் குறைத்தே அனுப்பும். முழு சந்தா கட்டியவனுக்கு மங்கல் படம், திருடிப் பார்க்கிறவனுக்குப் பளிச்சென்று படம். இதைத் திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு என்கிறார்கள், நாமும் நம்ப வேண்டும். நான் இப்போது பிடித்த படங்களைத் தட்டாகவே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

 

இனி பீர். பாதிப் பேர் இதற்காகத்தான் மேலே இருப்பதைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

நம் நாட்டில் விற்கும் பீரில் பெரும்பங்கு 'ஸ்ட்ராங்' ரகம். லேபிளில் 8 சதவீதம் வரை போட்டிருக்கும். ஒரு பாட்டில் காசுக்கு எவ்வளவு ஏறும் என்ற கணக்கில் அது நியாயமான கொள்முதல்தான், அந்தக் கணக்குக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ருசி என்று வந்தால் அந்த நம்பர் ஒன்றும் சொல்வதில்லை. பில்ஸ்னர் என்ற பொன்னிற பீர் வகையே பிறந்தது 1842-இல், பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரில். அந்த ஊரின் பில்ஸ்னர் உர்கெல் இன்றைக்கும் 4.4 சதவீதம்தான். கன்னங்கரேலென்று இருப்பதால் 'ரொம்ப ஸ்ட்ராங்' என்று பலர் பயப்படும் கின்னஸ் டிராஃப்ட் 4.2. நம்ம கடை ஸ்ட்ராங்கில் பாதி. ஸ்ட்ராங்கை ஐஸ் போலக் குளிர வைத்து மடக்மடக்கென்று குடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குளிர் ஏற ஏற நாக்குக்கு ருசி தெரியாது. ஸ்டவுட் என்ற நல்ல கறுப்பு பீரைக் கொஞ்சம் வெளியே வைத்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

அரிசி போட்டால் மட்டம் என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. அதுவும் ஸ்டிக்கர் பார்க்கும் புத்திதான். இந்திராநகரில் டாய்ட் என்ற பீர் கடையில் பாஸ்மதி ப்ளாண்ட் என்று அரிசி போட்டே ஒரு பீர் வைத்திருக்கிறார்கள், லேசாக, சுத்தமாக இருக்கும். பெங்களூர் வருகிறவர்களை நான் முதலில் குடிக்கச் சொல்வது ஜெர்மன் பாணி கோதுமை பீரை. மதுரையிலிருந்து வந்த நண்பன் முதல் வாயிலேயே, "மச்சி, வாழைப்பழ எசென்ஸ் ஊத்திருக்கானுங்கடா" என்றான். ஊற்றவில்லை. ஐசோஅமைல் அசிடேட் என்று ஒரு சரக்கு, வாழைப்பழத்துக்கு வாசம் தருவதும் அதுதான். கோதுமை பீருக்கான ஈஸ்ட், நொதிக்கும்போது அதைத் தானாகவே செய்கிறது. பின்னால் வரும் கிராம்பு வாசமும் ஈஸ்ட் வேலைதான். பவேரியாவில் 1516-இல் பீருக்குச் சட்டம் போட்டபோது தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) மூன்றைத்தான் எழுதினார்கள். ஈஸ்ட்டின் வேலை இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது.

அதே நண்பன் கிளாஸைச் சாய்த்து, நுரை ஒரு சொட்டு வராமல் ஊற்றுவதில் மன்னன். நம்மூரில் அது ஒரு கலை. ஆனால் வாசம் மேலே ஏறி வருவது அந்த நுரையில்தான். இரண்டு விரல் உயரம் நுரை நிற்க வேண்டும், அங்கேயே கொஞ்சம் கேஸ் வெளியேறினால் வயிறும் உப்பாது. ஊற்றியதும் நுரை அடங்கிப்போனால் பெரும்பாலும் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கும்.

பாட்டில் வாங்கினால் பார்க்க வேண்டிய நம்பர் ஒன்று உண்டு. தயாரித்த தேதி. அதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சதவீதத்தைத்தான் கொட்டை எழுத்தில். பழசானால் சாதா லாகர் பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். அடுத்தது பாட்டிலின் நிறம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து ஒரு கந்தகச் சரக்காக மாறும், எரிந்த ரப்பர் மாதிரி நாறும். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி பெரிதாகத் தடுக்காது. ட்யூப்லைட் போட்ட கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜில் முன்வரிசையில் பச்சைப் பாட்டில் நின்றால் நான் பின்வரிசையில் கையை விட்டுத்தான் எடுப்பேன். கேன் கிடைத்தால் அதைவிட உத்தமம்.

நம்பருக்கே நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். புள்ளியியல் படித்தவர்களுக்கு 'ஸ்டூடன்ட்' டி-சோதனை தெரிந்திருக்கும். அந்தப் பெயரில் 1908-இல் கட்டுரை எழுதியவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் சாம்பிள் நாலைந்துதான் கையில் இருக்கும், அதை வைத்து மொத்தச் சரக்கையும் எப்படி எடை போடுவது என்ற கேள்வியிலிருந்து வந்த கணக்கு அது. ஆலைக்குள்ளே நம்பர் பீரைக் காப்பாற்றியது, லேபிளுக்கு வந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டது.

என் வாதத்துக்கே ஆப்பு வைக்கும் ஒரு பீரும் உண்டு. இலங்கையின் லயன் ஸ்டவுட். 8.8 சதவீதம், ஆனால் காபியும் கருப்பட்டியும் கலந்த மாதிரி அப்படி ஒரு ருசி. கொழும்பிலிருந்து பெங்களூர் வரும் நண்பர்கள் யாராவது பெட்டியில் இடமிருந்தால் இரண்டு பாட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள். பதிலுக்கு உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றித் தருகிறேன், கூலி கிடையாது. எஸ்எஸ்டியை மட்டும் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள். சிக்பேட் மெட்ரோவில் இறங்கினால் எஸ்.பி. ரோடு நடக்கிற தூரம்தான்.