டெராஃப்ளாப் கணக்கு போதும்

எந்த வீடியோ கேம் பெட்டி ஒசத்தி என்று வண்ணார்பேட்டை டீக்கடையில் நேற்றும் அதே சண்டை. சித்தப்பா மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். "அண்ணே, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப். பிளேஸ்டேஷன் 5 பத்து சொச்சந்தான். அப்புறம் என்னத்தப் பேசுதிய?"

டெராஃப்ளாப் என்றால் பெட்டி நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற அளவு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இரண்டுமே 2020 நவம்பரில் வந்தவை. அதிகம் விற்றது எண் குறைந்ததுதான். 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 2-ஐவிட வலுவான பெட்டி. ஆனால் 15 கோடிக்கு மேல் விற்றது பிளேஸ்டேஷன் 2. டிவிடி படம் பார்க்கலாம், பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் ஓடும், விளையாட்டுகளோ ஆயிரக்கணக்கில். அதற்கும் முன்னால், கலர் திரையோடு வந்த கேம் கியர் என்ற கையடக்கப் பெட்டி ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கலரே இல்லாத கேம் பாய் நாலே பேட்டரியில் பல மடங்கு நேரம் ஓடியது. ஜெயித்ததும் அதுதான்.

சரி, இவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 32 இஞ்ச் பழைய டிவி. ஒரே ஒரு கன்ட்ரோலர், அதிலும் இடது ஸ்டிக் ரப்பர் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. நூறு ஜிபி விளையாட்டை போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறான். தினசரி டேட்டா தீர்ந்ததும் அப்படியே நிற்கிறது. அந்தப் பன்னிரண்டு இவனுக்கு எங்கே உதவுகிறது?

இவன் தங்கச்சியிடம் இருப்பது 2017-ல் வந்த ஸ்விட்ச் என்ற கேம் பெட்டி. வலுவில் இவற்றின் பக்கத்திலேயே வராது. நேற்று சாயங்காலம் கரண்ட் போனதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டாள்.