வாடகை வீட்டுக்கு இது போதுமாம்

புதுசாக்கின ஒரு வாடகை வீட்டு பாத்ரூமோட படம் ஒண்ணு சுத்துது, அதுக்குக் கீழ கமென்ட்ல ஒரே கூத்து. டைல்ஸ் ஒட்டி மாசம்கூட ஆகலை, பாத்ரூமுக்கு அந்தப் பக்கத்துப் படுக்கையறைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப் போயிருக்கு. கொத்திப் பார்த்தா ஷவருக்குப் போற லைன்ல கசிவு. குடியிருக்கிறவங்க கேட்டதுக்கு வீட்டுக்காரங்க சொன்ன பதில்தான், பிளம்பரான எனக்கு ரெண்டு நாளா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது: "வாடகைக்கு விடுற வீடு, இந்த அளவுக்குச் செஞ்சதே அதிகம்." அதை ஆமோதிச்சு எத்தனை பேர்!

சரி, எதைச் செஞ்சாங்க? டைல்ஸ் புதுசு, கண்ணாடி புதுசு, ஷவர் குடை அகலத்துக்கு இருக்கு. கொத்தின இடத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. பழைய ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய், சுவருக்குள்ள அப்படியே கிடக்கு. நடுவுல அறுத்து, அங்கேருந்து சிபிவிசி, சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் குழாய். சேர்த்த இடத்துல பித்தளையே இல்லை, வெறும் பிளாஸ்டிக் மரை.

இரும்புக் குழாயோட வெளிமரை கூம்பு மாதிரி, உள்ள போகப் போகப் பருக்கும். அதைப் பிளாஸ்டிக் உள்மரையில ஏத்தி ரெஞ்ச் போட்டு முறுக்கினா ஆப்பு அடிச்ச மாதிரி விரிக்கும். அன்னைக்கே உடைஞ்சா நல்லது, உடையாது. முடியளவு கீறல் விட்டுட்டு, டைல்ஸ் ஒட்டி, இடுக்குல பூசின கிரவுட் காயுற வரைக்கும் காத்திருக்கும். இதுக்குன்னுதான் பித்தளை மரை வச்ச இணைப்புங்க இருக்கு, உள்மரை வச்சது எஃப்டிஏ, வெளிமரை வச்சது எம்டிஏ. கசியாம இருக்க மரையில சுத்துற டெஃப்லான் டேப்புக்கும் ஒரு முறை இருக்கு. மரையோட வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு, கடிகாரம் சுத்துற பக்கமா இறுக்கிச் சுத்தணும். எதிர்ப்பக்கமா சுத்தினா முறுக்கும்போதே சுருண்டு வெளிய வந்துடும்.

பழைய ஜிஐ-ல பாதியை விட்டு வைக்கிறதே தப்பு. வருஷக்கணக்கா துருவும் உப்பும் சேர்ந்துதான் அந்த மரை இடுக்கை அடைச்சு வச்சிருக்கும். இங்க ஒரு எல்போவுல, அதாவது குழாய் திரும்புற வளைவுல, ரெஞ்ச் வச்சு அசைச்சா, ஒரு கை தூரத்துல சுவருக்குள்ள இருக்கிற இன்னொரு எல்போ அசையும், அடைச்சிருந்த துரு உதிரும். நேத்து வரைக்கும் கசியாத இடம் இன்னைக்குக் கசியும். அப்புறம் "நீ வந்து கை வச்சப்புறம்தான் இப்படி ஆச்சு"ன்னு பிளம்பருக்குப் பேச்சு. மாத்தினா லைன் முழுசா மாத்தணும். இல்லைன்னா தொடாதீங்க.

ஆனா எனக்குக் கோபம் அந்த ஜாயின்ட் மேலகூட இல்லை. ஜாயின்ட் யாருக்கும் தப்பும். சோதிக்காம மூடினாங்க பாருங்க, அதுதான். சோதிக்காம மூடாதீங்க. சிபிவிசி, பிபிஆர், செம்பு, எந்தக் குழாயைப் போட்டாலும் சரி, சோதிக்காம மூடாதீங்க.

"டேங்க் தண்ணியைத் திறந்து விட்டுப் பார்த்தோம், ஒண்ணும் கசியலை"ன்னு சொல்லியிருக்காங்க. 10 மீட்டர் உயரத் தண்ணிக்குத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஷவருக்கு 3 மீட்டர் மேல டேங்க் இருந்தா அங்க கிடைக்கிறது 0.3 பார். அந்த அழுத்தத்துல ஒட்டாத ஜாயின்ட்கூட நல்ல பிள்ளையா உக்காந்திருக்கும். அப்புறம் ஷவர்ல வேகம் பத்தலைன்னு பிரஷர் பம்ப் மாட்டுவாங்க. அன்னைக்குத் தெரியும் சேதி.

சோதனை பெரிய வித்தை இல்லை. சால்வென்ட் பசை போட்டு ஒட்டின ஜாயின்ட்டை ஒரு நாள் காய விடுங்க. எல்லா வாயிலயும் பிளக் போடுங்க. சுடுதண்ணியையும் பச்சைத் தண்ணியையும் கலக்குற மிக்சர் வர்ற இடத்துல ஹாட் லைனையும் கோல்ட் லைனையும் ஒரு ஹோஸால இணைச்சா ரெண்டும் ஒண்ணா சோதனையாகும். தண்ணியை நிரப்பி, உயரத்துல இருக்கிற வாயைத் தளர்த்தி காத்தை முழுசா வெளியேத்துங்க. அப்புறம் அழுத்தம் காட்டுற கேஜ் வச்ச கைப் பம்பால, அந்த லைன் வழக்கமா ஓடுற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏத்துங்க. 3 பார்ல ஓடப் போற லைன்னா 4.5 பார். பிளாஸ்டிக் கொஞ்சம் விரியும்கிறதால முதல்ல முள் லேசா இறங்கும், மறுபடி ஏத்தணும். அதுக்கப்புறமும் இறங்கிக்கிட்டே போனா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான் விஷயம்!

"வாடகை வருமானத்துல இதெல்லாம் கட்டுப்படியாகுமா?"ன்னு கேப்பீங்க. ஒட்டின டைல்ஸை உடைச்சு, பைப்பை மாத்தி, அதே நிறத்துல டைல்ஸ் கிடைக்காம அலைஞ்சு, படுக்கையறைக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறது மட்டும் கட்டுப்படியாகுதா?

"குடியிருக்கிறவங்க கண்டபடி புழங்குறாங்க." ஒத்துக்கிறேன். ஆசிட் ஊத்தி கிரவுட்டைக் கரைக்கிறவங்க உண்டு, டேப்புல வாளியைத் தொங்க விடுறவங்களும் உண்டு. அதுக்காகச் சுவருக்குள்ள இருக்கிற எல்போவை அவங்க ராத்திரி எழுந்து போய்த் திருகிட்டு வந்தாங்களா?

தரையையும் சொல்லிடறேன், அந்தப் படத்துல அதுவும் லட்சணமாத்தான் இருக்கு. பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ். பசையும் டைல்ஸும் சேர்ந்து தரை 10லேருந்து 15 மில்லிமீட்டர் வரைக்கும் ஏறும். வாசப்படி ஏறாது. குளிக்கிற தண்ணி எட்டிப் பார்த்துட்டு அறைக்குள்ள வரும். தரைத் தண்ணி வெளியேறுற நாணி டிராப்போட மூடி, அந்த ஓட்டை போட்ட ஜாலி, பள்ளத்துக்குள்ள போயிருக்கும், சுத்தி விட்ட இடுக்கு வழியா தண்ணி டைல்ஸுக்கு அடியில இறங்கும்.

ஒழுங்கா செய்யணும்னா பழைய தரையைக் கொத்தி எடுத்து, பைப் நுழையுற ஓட்டையைச் சுத்தி சுருங்காத கிரவுட் வச்சு, சுவரும் தரையும் சேர்ற மூலையைக் கலவையால வளைச்சு, வாட்டர்புரூஃப் ரெண்டு கோட் அடிக்கணும். ரெண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்கே. சுவர்ல 300 மில்லிமீட்டர் உயரம், ஷவர் பக்கம் தலை உயரம். காஞ்சதும் டிராப்பை அடைச்சு தண்ணியைக் கட்டி வச்சு, மட்டத்தைப் பென்சில்ல குறிச்சுட்டு, 24 மணி நேரம் கழிச்சுக் கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்கணும். டைல்ஸ் போடும்போது மீட்டருக்கு 10லேருந்து 15 மில்லிமீட்டர் வாட்டம் டிராப்பைப் பார்த்து. டிராப்புக்குள்ள 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கணும், அதுதான் நாத்தத்தைத் தடுக்குது. நாலு மாசம் பூட்டிக் கிடந்த வாடகை வீட்டைத் திறந்ததும் அடிக்கிற நாத்தம், அந்தத் தண்ணி வத்திப் போனதால பெரும்பாலும். ஒரு வாளி ஊத்தினா போயிடும். அதுக்குப் பிளம்பரைக் கூப்பிடாதீங்க.

இன்னொண்ணு சொன்னா திட்டுவீங்க. வாடகை வீட்டுல பைப் சுவருக்கு வெளிய ஓடினா என்ன குறைஞ்சு போச்சு? மூணடிக்கு ஒரு கிளாம்ப், பாத்ரூமுக்குன்னு தனியா தண்ணியை நிறுத்த ஒரு ஸ்டாப் காக், ஒவ்வொரு டேப்புக்கும் அதே மாதிரி சின்னதா ஒரு ஆங்கிள் காக். கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும், மாத்திட்டுப் போயிடலாம், ஒரு டைல்ஸும் உடையாது. "அசிங்கமா இருக்கும்." ஆமா, ஊறிப் போன படுக்கையறைச் சுவர் ரொம்ப அழகு.

"உங்க ஆளுங்க செய்யுற வேலை அப்படி, நீங்க பேசாதீங்க"ன்னு ஒருத்தர். தப்பு செய்யுறவன் இருக்கான், மறுக்கலை. பிவிசியை ஹீட்டர் லைன்ல போட்டு, சுடுதண்ணியில அது இளகித் தொங்குறதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. ஆனா வேலை எப்படி வருதுன்னும் பாருங்க. டைல்ஸ் வாங்கி இறக்கியாச்சு, ஒட்டுறவர் வாசல்ல நிக்கிறார், அப்புறம்தான் பிளம்பருக்கு போன். "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுங்க." கேஜ் மாட்டி ஒரு ராத்திரி விடணும்னு சொன்னா, கூலியை இழுக்கப் பார்க்கிறான்னு முகத்துக்கு நேராவே பேச்சு. டைல்ஸ் ஒட்டுறவர் ஒரு நாள் கூடக் கேட்டா அது நேர்த்தி, பிளம்பர் கேட்டா பித்தலாட்டம். செஞ்ச வேலை சுவருக்குள்ள போயிடுது, யாரும் பார்க்கப் போறதில்லை. பார்க்கிற அன்னைக்குத் திட்டுதான் விழும்.

அந்தச் சுவரை மறுபடி மூடப் போறாங்களாம், உடைஞ்ச ஃபிட்டிங்கை மட்டும் மாத்திட்டு. அவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, சிமென்ட் கலக்குறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. மிச்சமிருக்கிற ஜிஐ-யைக் கழட்டிப் போடச் சொல்லுங்க. அது முடியாதுன்னா, கேஜையாவது ஒரு ராத்திரி மாட்டி வைக்கச் சொல்லுங்க.