வட கரோலினாவில் ஆளுநருக்கு ஒரு வாக்கு, துணை ஆளுநருக்கு வேறு வாக்கு

அமெரிக்க மாநிலமான வட கரோலினாவில் ஆளுநர் தேர்தலில் வெல்பவரே துணை ஆளுநரையும் அட்டர்னி ஜெனரலையும் நியமிக்கிறார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இந்தத் திருத்தம். அம்மாநிலத்தில் இவ்விரு பதவிகள் மட்டுமல்ல, மாநிலத் தணிக்கையாளர், வேளாண் ஆணையர், காப்பீட்டு ஆணையர் உட்படப் பத்து நிர்வாகப் பதவிகளுக்கும் மக்களே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தனித்தனியாக வாக்களிக்கின்றனர். அமெரிக்க அதிபரும் துணை அதிபரும் சேர்ந்தே போட்டியிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்புதான். ஆனால் 2020 நவம்பர் 3 அன்று, அதே வாக்குச்சீட்டில், ஜனநாயகக் கட்சியின் ராய் கூப்பர் ஆளுநராகவும் குடியரசுக் கட்சியின் மார்க் ராபின்சன் துணை ஆளுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2024இல் அந்தப் பத்து இடங்களும் இரு கட்சிகளுக்கும் ஐந்து ஐந்தாகப் பிரிந்தன.

சரிபார்க்க விரும்புவோர் மாநில அரசமைப்பின் 3ஆம் பிரிவில் 2, 7 ஆகிய உட்பிரிவுகளைப் படிக்கலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால், மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் 2020 நவம்பர் 3 முடிவுகளைத் திறந்தால் போதும்: ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் வேட்பாளர் பட்டியலும் வாக்கு எண்ணிக்கையும் தனித்தனியே இருக்கும்.