ஹண்டர் குழு டயரை விடுவித்ததா?
ஜாலியன்வாலா பாக் சுட்டுக்கொலையை விசாரித்த ஹண்டர் குழு, ஜெனரல் டயர் மீது தவறில்லை என்று சொன்னதாக மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. நிறைய பேர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

1920-இல் வெளியான அறிக்கை இரண்டாகப் பிரிந்தது. உறுப்பினர்கள் எட்டுப் பேர். ஆங்கிலேயர் ஐவர் பெரும்பான்மை அறிக்கையிலும், சிமன்லால் செதல்வாட் உள்ளிட்ட இந்தியர் மூவர் சிறுபான்மை அறிக்கையிலும் கையெழுத்திட்டார்கள். மூவரின் கண்டனம்தான் கடுமையானது. ஆனால் பெரும்பான்மையினரும் டயரை விட்டுவிடவில்லை: எச்சரிக்காமல் சுட்டது தவறு, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தது பெரிய தவறு என்றே எழுதினார்கள். அப்புறம் அவர் பதவியும் போனது.

குழப்பம் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையால் வந்திருக்கலாம். 1920 ஜூலையில் அங்கே 129-க்கு 86 என்ற வாக்கில் டயருக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. அது குழுவின் முடிவு அல்ல.

'டிஸார்டர்ஸ் இன்கொயரி கமிட்டி 1919-1920' என்று இன்டர்நெட் ஆர்கைவில் தேடுங்கள். அமிர்தசரஸ் அத்தியாயத்தை மட்டும் படித்தாலே போதும். பிரபுக்கள் சபை விவாதம், பிரிட்டன் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட் தளத்தில் இருக்கிறது.