கருத்தரிக்கும் முன்பே பிரசவத்தைப் பேசினால் என்ன தவறு?

எங்கள் செட்டிநாட்டில் ஒரு கல்யாணம் என்றால் மண்டபம், சமையல்காரர், பரப்ப வேண்டிய சாமான்கள் எல்லாம் நாள் குறிப்பதற்கு முன்பே பேசி முடிவாகிவிடும். அதே வீட்டில் ஒரு பெண், “எனக்குப் பிள்ளை பிறக்கும்போது எப்படிப் பிறக்க வேண்டும் என்று இப்போதே படிக்கிறேன்” என்று சொன்னால், “வயிற்றில் ஒன்று தங்கட்டும், பிறகு பேசு” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. கண் பட்டுவிடும், சகுனம் சரியில்லை என்கிற பயம் அன்பில் பிறந்தது என்று தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை.

வலியைக் குறைக்கும் ஊசி இல்லாமல், முதுகில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும் எபிடியூரல் இல்லாமல், தேவையின்றி குளுக்கோஸ் பாட்டிலில் மருந்து கலந்து வலியை வரவழைக்காமல் பிள்ளை பெற வேண்டும் என்பது என் விருப்பம். அதுவும் மருத்துவமனையில்தான். 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் இரத்தப்போக்கால் இறந்துபோனார். அதைப் படித்த யாரும் அந்த வழியை நினைக்கக்கூடாது. மருந்தில்லாமல் பெற்றவள் மட்டும்தான் நல்ல தாய் என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காது. எபிடியூரல் பாதுகாப்பானது, அதனால் சிசேரியன் கூடுவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கிற பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும். எனக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: வலி எடுக்கும்போது நடக்க, குந்த, முட்டி போட எனக்குக் கால்கள் என் வசத்தில் இருக்க வேண்டும். எபிடியூரல் போட்டால் முக்கிப் பெறும் கட்டம் சற்று நீளக்கூடும் என்பதும் தெரிந்த செய்தி.

இதையெல்லாம் ஏன் இப்போதே யோசிக்க வேண்டும்? எங்கள் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பெண் மாதாமாதம் ஒரு மருத்துவரிடம் போகிறாள்; வளைகாப்பு முடிந்ததும் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வந்துவிடுகிறாள். பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவர் அவளை முதன்முதலாகப் பார்ப்பதே ஏழு, எட்டு மாதம் ஆன பிறகுதான். கையில் கோப்பு, காலில் வீக்கம், மனதில் பயம். அந்த நிலையில் “எல்லோருக்கும் பிறப்பு வாயை வெட்டித் தையல் போடுவீர்களா?” என்று எந்தப் பெண்ணால் கேட்க முடியும்? கேட்டாலும், பதில் பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் தேட நேரம் எங்கே?

அதனால் நான் இப்போதே கேட்கப் போனேன். “கர்ப்பமான பிறகு வாருங்கள்” என்று ஒரு இடத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு மருத்துவர் உட்காரவைத்துப் பொறுமையாகப் பதில் சொன்னார். வலி தொடங்கிய பின் நடக்கலாமா, படுக்கையிலேயே கிடக்க வேண்டுமா? அம்மா உள்ளே வரலாமா? பனிக்குடம் தானாக உடையும்வரை காத்திருப்பீர்களா? எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவ வலியின் தீவிரக் கட்டம் தொடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்கிறது. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லாப் பெண்ணுக்கும் பொருத்தக்கூடாது என்றும், தலைப்பிரசவத்தில் தீவிரக் கட்டம் 12 மணி நேரம் வரை போகலாம் என்றும் சொல்கிறது. இது தெரியாத குடும்பம் நாலு மணி நேரத்திலேயே “ஏன் இன்னும் பிறக்கவில்லை?” என்று வாசலில் நின்று மருத்துவரை நெருக்கும். நெருக்கினால் கத்திதான்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 64, அரசு மருத்துவமனைகளில் 36. நாட்டுச் சராசரி 21.5 மட்டுமே. நம் பெண்களின் இடுப்பு மட்டும் நாட்டில் மற்றவர்களைவிடக் குறுகிப்போய்விட்டதா என்ன? இதற்குப் பல காரணங்கள் உண்டு. நம் வீடுகளின் பங்கும் அதில் உண்டு. நட்சத்திரம் பார்த்து, ராகுகாலம் தள்ளி, சோதிடர் எழுதிக் கொடுத்த நேரத்தை மருத்துவரிடம் நீட்டுகிற குடும்பங்களை நான் நேரில் அறிவேன். 39 வாரம் நிறைவதற்கு முன் காரணமின்றி வெளியே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிள்ளைக்கு நல்ல நேரம் என்பது அதன் நுரையீரல் முதிர்ந்த நேரம் என்று நான் எங்கள் வீட்டில் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள். கோபிக்கட்டும்.

ஆயத்தம் என்றால் மூச்சுப்பயிற்சி மட்டும் இல்லை. முதல் வேலை இரத்தம். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை. சோகையோடு பிரசவ அறைக்குள் போகிற உடம்பு சிறு இரத்தப்போக்கையும் தாங்காது. அப்போது மருந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தும் பயன் இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் இப்போதே பார்த்துக்கொண்டேன். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம். கருத்தரித்த 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துபோகும். “வயிற்றில் தங்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது கால்களும் இடுப்பும். ஊருணியைச் சுற்றி நடக்கிறேன். குந்தி உட்காரப் பழகுகிறேன். மேசை, நாற்காலி, மேலைநாட்டுக் கழிப்பறை என்று வளர்ந்த தலைமுறைக்கு அது புதிதாகக் கற்க வேண்டிய பாடமாகிவிட்டது. பிறகு பயம். பயம் உடலை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், கூடிய வலி மறுபடி பயத்தை வளர்க்கும் என்று கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930களிலேயே சொன்னார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. வலி உண்மையானது, பயம் போனால் மறைந்துவிடாது. ஆனால் கூடவே ஒருவர் இருந்தால் வித்தியாசம் பெரிது. பிரசவம் முழுவதும் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உடன் இருக்கும் பெண்களுக்குச் சிசேரியனும் வலி மருந்தின் தேவையும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவர் உடன் இருக்கும் ஏற்பாடு நெடுநாளாகவே உண்டு. பல தனியார் மருத்துவமனைகளில்தான் கதவைச் சாத்துகிறார்கள்.

எதை மறுக்க மாட்டேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்தவுடன் தாய்க்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி இரத்தப்போக்கைத் தடுக்கிறது. அது கட்டாயம் வேண்டும். குழந்தைக்கு வைட்டமின் கே வேண்டும். இரத்தக்கொதிப்பு ஏறினாலோ குழந்தையின் நாடித்துடிப்பு தடுமாறினாலோ என் விருப்பப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவர் சொல்வதைச் செய்ய வேண்டும் என்று கணவரிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பத்தா எட்டுப் பிள்ளைகளையும் இந்த வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் மருத்துவச்சி கையால்தான் பெற்றார். “எந்த மருந்து கண்டோம் நாங்கள்?” என்று பெருமையாகச் சொல்வார். அந்த எட்டில் இரண்டு தங்கவில்லை என்பதையும் அவரே சொல்வார். அவரிடமிருந்து நான் கேட்டு வாங்கிக்கொண்டது வேறு: வலி எடுத்தபோது நடந்ததும், தூணைக் கட்டிக்கொண்டு நின்றதும், மருத்துவச்சி இடுப்பை நீவிக்கொண்டே இருந்ததும். இதே நடையையும் நிமிர்ந்த நிலையையும் துணையையும்தான் இன்றைய வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கைப் பக்கம் அண்மையில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நடக்க விட்டார்களா, துணையை உள்ளே விட்டார்களா, கேட்காமலே மருந்து ஏற்றினார்களா? இந்த மூன்றும் தெரிந்தால் போதும். பொதுவில் சொல்லத் தயங்குகிறவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.